பழனி மலையில் ஏழு நாள் நடை: கல்திட்டையில் தொடங்கி ரோமானியக் காசு வரை

"ரோமானியத் தடத்தில் ஒரு வாரம்" என்று சொல்லித்தான் இந்த நடைப் பயணத்தை விற்கிறார்கள். பணம் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது, பழனி மலையில் ரோமானியர் கட்டிய சுவர் கிடையாது, சாலை கிடையாது, குளியல் மண்டபம் கிடையாது. அவர்கள் இந்த மலையில் ஏறியதற்கே தடயம் இல்லை. ஏறி வந்தது அவர்களுடைய ஆசை, இறங்கிப் போனது இங்கே விளைந்த மிளகு. அதற்கு ஈடாக வந்த பொன்தான் அடிவாரத்து மண்ணுக்குள் கிடைத்தது. 1856-இல் பழனிக்கு மேற்கே உள்ள கலையம்புத்தூரில் 63 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பழைய பதிவுகளில் அந்த ஊர் கலயமுத்தூர் என்று இருக்கும். கொங்கு மேட்டில் வெள்ளலூர், பொள்ளாச்சி, கரூர் என்று இப்படிக் காசு கிடைத்த ஊர்கள் வரிசையாக உண்டு. எல்லாம் மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்கே வந்த வணிகப் பெருவழியை ஒட்டியவை.

ஆகவே இடிந்த தூணைப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் ஏமாறுவார்கள். கல்லையும் காட்டையும் காசையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, தமிழ்நாட்டில் இப்போது நடக்கும் நடைப் பயணங்களில் இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல முடியாது. காரணம் வழியின் வரிசை. மேலே தாண்டிக்குடியில் கல்திட்டைகளோடு (பலகைக் கல்லை நிறுத்தி மேலே மூடி இறந்தவர்களுக்கு எடுத்த பழங்கால அமைப்புகள்) தொடங்கி, மிளகுத் தோட்டங்கள் வழியாக நடந்து, பழனி மலைச்சாலையில் இறங்கி, பொருந்தலின் வயல்வெளியில் நின்று, கலையம்புத்தூரில் முடிகிறது. மலைப் பொருள் சமவெளிக்கு இறங்கிய அதே திசை. இந்த வரிசையை யார் யோசித்தாரோ, அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. விளம்பரம் எழுதியவருக்குத்தான் தெரியவில்லை.

ஆளுக்கு 17,800 ரூபாய். இருவர் ஓர் அறை. ஆறு இரவு தங்கல், மூன்று வேளைச் சாப்பாடு, வேன், வழிகாட்டிகள் எல்லாம் இதில் அடக்கம். வத்தலக்குண்டு வந்து சேர்வதும், கடைசி நாள் பழனியிலிருந்து ஊர் திரும்புவதும் நம் செலவு. கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் வத்தலக்குண்டுக்குப் பஸ் எளிதாகக் கிடைக்கும். அங்கிருந்து பட்டிவீரன்பட்டி வழியாக மலை ஏறுகிறார்கள். கொடைக்கானல் பெருஞ்சாலையில் போய்ப் பண்ணைக்காடு பிரிவில் திரும்பும் வழியைவிட இது குறுகலானது. ஆனாலும் இதுதான் சரி. தென்னை, வாழை, பிறகு காப்பி, மேலே சில்வர் ஓக் என்று உயரம் கூடக் கூடப் பயிர் மாறுவதை முதல் நாளே கண்ணால் பார்த்துவிடலாம். புல்லாவெளி அருவி இருக்கும் பக்கம் வண்டி நிறுத்துகிறார்கள். வயிறு புரட்டும் ஆட்கள் வத்தலக்குண்டில் வெறும் இட்லியோடு நிறுத்திக்கொண்டு முன் சீட்டில் உட்காருங்கள். மாத்திரை போடுவதாக இருந்தால் வண்டி ஏறுவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும். வளைவு தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

முதல் நாள் மாலை தாண்டிக்குடி முருகன் கோயில் குன்று மட்டும். முருகன் இங்கிருந்து தாண்டிக் குதித்துப் பழனிக்குப் போனான் என்பது ஊர்க்கதை. ஊர்ப் பெயருக்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள். குன்றின் மேலிருந்து வடக்கே பார்த்தால் சமவெளி விரிந்து கிடக்கும். கடைசி நாளில் எங்கே போய் முடியப் போகிறோம் என்பதை வழிகாட்டி அங்கேயே கைநீட்டிக் காட்டிவிடுகிறார். நல்ல தொடக்கம்.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர். காலை 6.30-க்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்வதைக் கறாராக எடுத்துக்கொள்ளுங்கள். கல்திட்டைகள் பெரும்பாலும் மரமில்லாத பாறைத் தளங்களின் மேல், சரிவின் விளிம்பில் இருக்கின்றன. காலை 7.30-லிருந்து 9 வரை வெயில் சாய்ந்து விழும்போதுதான் பலகைக் கல்லின் முகத்தில் உள்ள கொத்து வேலையும் கல்லுக்கடியில் கொடுத்த ஆப்புக் கல்லும் நிழல் விட்டுத் தெரியும். பத்து மணிக்கு மேல் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். மதியத்துக்கு மேல் மஞ்சு ஏறினால் பத்தடிக்கு அப்பால் கல்லே தெரியாது.

கல்திட்டையைப் பார்க்கும் முறையைப் பலருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இங்கே சொல்லித் தருகிறார்கள். முதலில் மேலே மூடிய கல்லைப் பார்க்கக் கூடாது, அடியைப் பார்க்க வேண்டும். மூன்று பக்கமும் பலகைக் கல்லை நிறுத்தி, நான்காவது பக்கத்தைத் திறந்துவிட்டோ சிறு கல்லால் அடைத்தோ வைத்திருப்பார்கள். வெறும் பாறைத் தளத்தில் குழி தோண்ட வழியில்லை. அதனால் நிறுத்திய கல் சாயாமல் இருக்க வெளிப்புறம் கல்லடுக்கி மண் நிரப்பி ஒரு மேடை கட்டினார்கள். பல திட்டைகள் வரிசையாக ஒரே மேடையில், சுற்றிலும் ஒரு கல்வேலிக்குள் நிற்பது பழனி மலையின் தனிச் சாயல். மேடை கரைந்தால் பக்கக் கல் வெளிப்பக்கம் சாயும், மூடுகல் வழுக்கி இறங்கும். இன்று நாம் "உடைந்த திட்டை" என்று பார்ப்பதில் சில இப்படி மேடை கரைந்து சரிந்தவை. வேறு சில மனிதக் கை பட்டவை.

எது தானாகச் சரிந்தது, எதை ஆள் புரட்டினான் என்பதை அறிய ஒரு வழி உண்டு. பாறைப்பூவைப் பாருங்கள். கல்லின் வெயில்பட்ட முகத்தில் வெள்ளையும் பச்சையும் கலந்து வட்ட வட்டமாகப் படர்ந்திருப்பது பாறைப்பூ. அது மெதுவாக வளர்வது. மூடுகல்லின் மேல்முகத்தில் தடிப்பாக இருந்து, பக்கத்தில் கிடக்கும் துண்டின் முறிந்த முகம் சுத்தமாகப் பளிச்சென்று இருந்தால், அந்த முறிவு அண்மைக் காலத்தது. அடியில் தோண்டிய பள்ளமும் இருந்தால் புதையல் தேடிய வேலை என்று வைத்துக்கொள்ளலாம். பாறைப்பூ முறிவின் மேலும் ஓடியிருந்தால் அது பழைய சரிவு. பலகைக் கல்லின் ஓரத்தைத் தடவினால் மழுங்கலாக அலை அலையாக இருக்கும். தளத்தின் மேலேட்டில் தீ மூட்டிச் சூடேற்றினால் பாறை ஏடு ஏடாகப் பெயரும். அப்படிப் பெயர்ந்த ஓரத்துக்கு உளி வெட்டின் கூர்மை இருக்காது. கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்குப் பிறகு எந்த மலையில் எந்தப் பலகைக் கல்லைப் பார்த்தாலும் இது நினைவுக்கு வரும்.

ஊரில் இவற்றைப் பாண்டவர் வீடு என்கிறார்கள், குள்ளர் வீடு என்றும் சொல்வார்கள். வீடு இல்லை, இறந்தவர்களுக்கு எடுத்தவை. தாண்டிக்குடியில் தொல்லியல் பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் அகழாய்வு நடந்தது. மண்ணுக்குள் பலகைக் கல்லால் கட்டிய கல்பதுக்கைகளும் தாழிகளும் வெளிப்பட்டன. சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லில் செய்த மணிகளும் கிடைத்தன. சூதுபவளம் இந்த மலையில் விளையும் கல் இல்லை. வெளியிலிருந்து வந்த மணியைக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் அளவுக்கு இந்த மலையாட்களிடம் கொடுக்கவும் பொருள் இருந்தது என்று அர்த்தம். ரோம் கதையின் வேர் இங்கே இருக்கிறது. காசு வருவதற்கு முன்பே கொடுக்கல் வாங்கல் இருந்தது. வழிகாட்டி இதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார். இன்னும் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். அகழ்ந்த குழிகளை மூடிவிட்டார்கள், அங்கே நேரில் பார்க்க அதிகமில்லை. அச்சிட்ட படங்கள் கையில் இருந்தால் நன்றாக இருக்கும்.

திட்டைக்குள் நுழைந்து உட்கார்ந்து படமெடுக்கும் பழக்கத்தை இவர்கள் அனுமதிப்பதில்லை. அதற்காக மனமாரப் பாராட்ட வேண்டும். மூடுகல் மூன்று முனையில் மட்டும் தாங்கி நிற்கும் திட்டைகள் உண்டு, தோள் உரசினால் போதும். உள்ளே நட்டுவாக்காலி இருக்கும், குளிருக்கு ஒதுங்கிய பாம்பு இருக்கும். கல்லில் சாக்பீஸ் கோடு போட்டு உருவத்தைத் துலக்குவதும் கூடாது. பாறைப்பூ போய்விடும், அடுத்து வருகிறவர் முறிவின் வயதைப் பார்க்க வழியில்லாமல் ஆகிவிடும்.

காலணி விஷயத்தில் இதை நடத்தும் பயணக்காரர்கள் அனுப்பும் குறிப்பு போதாது. "நல்ல ஷூ" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். பாறைத் தளத்தில் இரண்டு எதிரிகள். ஒன்று பாசி. மழை விட்ட இரண்டாம் நாள்கூடக் கறுப்பாகப் பளபளக்கும் பட்டை மேல் எந்த ஷூவும் நிற்காது, அதைச் சுற்றித்தான் போக வேண்டும். மற்றது காய்ந்த பாறை மேல் உதிர்ந்து கிடக்கும் பொடிக்கல். ஓட்டத்துக்கான மெத்தென்ற ஷூவின் அடிப்பாகம் பொடிக்கல்லில் உருளும். ஆழமான பல் உள்ள, மென்மையான ரப்பர் அடிப்பாகம் வேண்டும். கணுக்காலை மூடினால் இன்னும் நல்லது. புதிதாக வாங்கிய ஷூவோடு வராதீர்கள். குறைந்தது 40 கிலோமீட்டராவது முன்பே நடந்து பழக்கியிருக்க வேண்டும். இறக்கத்தில் விரல் நுனி மோதி நகம் கறுத்துப் போவது கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குல இடம் இல்லாததால். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போய் அளவு பாருங்கள். கம்பு அவர்களே தருகிறார்கள், மூங்கில். நுனியில் ரப்பர் இல்லை. பாறையில் வழுக்குவதால் பழைய சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு சுற்று கட்டிக்கொள்ளலாம்.

அட்டைக்கு: முழங்கால் வரை ஏறும் நெருக்கமான துணி சாக்ஸ், அதன் மேல் புகையிலையும் உப்பும் ஊறிய தண்ணீர். காப்பித் தோட்டத்தின் சருகு மேல் நடக்கும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை நின்று கால் பாருங்கள். நிழலில் நிற்காமல் வெயில்பட்ட கல் மேல் ஏறி நின்று பாருங்கள். கடித்ததை இழுத்துப் பிய்க்காமல் உப்பு வைத்தால் சுருண்டு விழும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அது உறையாமல் இருக்க அட்டை விட்ட சுரப்பினால் வருவது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

மூன்றாம் நாள் தோட்டம். நடை குறைவு, 6 கிலோமீட்டர் இருக்கும். இதை "ஓய்வு நாள்" என்று திட்டத்தில் எழுதியிருப்பது தவறு, ரோமானியப் பகுதி உண்மையில் இதுதான். சில்வர் ஓக், முள்முருங்கை மேல் ஏறிய மிளகுக் கொடி, கீழே அராபிகா காப்பி. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போனால் பறிப்பு பார்க்கலாம். கதிரில் ஒன்றிரண்டு மணி மட்டும் ஆரஞ்சாகத் திரும்பியதும் முழுக் கதிரையும் ஒடிப்பார்கள். எல்லாம் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் பறவை தின்றுவிடும், மணியும் உதிரும். ஒடித்த கதிரைக் குவித்து ஓரிரவு விட்டு, மறுநாள் காலால் மிதித்து மணி உதிர்ப்பார்கள். கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் கறுப்பு ஒரே சீராக வரும், காயும் நாளும் குறையும். முக்காமல் வெயிலில் போட்டது சில மணி பழுப்பாக நிற்கும். நூறு கிலோ பச்சை மிளகு காய்ந்தால் 33 கிலோ அளவில் நிற்கும். உள்ளங்கையில் வைத்து அழுத்தி உருட்டினால் கனமான மணி கரகரவென்று நகரும், சொத்தை நசுங்கும். தண்ணீரில் போட்டால் சொத்தை மிதக்கும். தோட்டத்து அக்கா ஒருவர் இதை எல்லாம் செய்து காட்டுகிறார். அவரிடம் கேளுங்கள், வழிகாட்டி சொல்வதைவிட நுணுக்கமாகச் சொல்வார்.

மிளகு போன்ற பொருள்களுக்காகத்தான் கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, ரோமப் பேரரசிலிருந்து ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) இந்தியாவுக்குப் போகிறது என்று குறைப்பட்டு எழுதினார். அதே கொடுக்கல் வாங்கலை நம் பக்கத்திலிருந்து அகநானூறு சொல்கிறது: யவனர் கலம் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்". கறி என்றால் மிளகு. மேற்குக் கடற்கரையில் சேரர் துறைமுகமான முசிறியைப் பற்றிய வரி அது. மலையில் பறித்தவர் யார், இறக்கியவர் யார் என்று அதில் இல்லை. உலர்களத்தில் நின்று பார்த்தால் அந்த இடைவெளி புரிகிறது. இந்த நாளை ஓய்வு என்று எடுத்துக்கொண்டு அறையில் தூங்குகிறவர்கள் பயணத்தின் நடுமுள்ளைத் தவற விடுகிறார்கள்.

நான்காம் நாள் பண்ணைக்காடு சுற்று. மலைவாழைத் தோட்டங்கள் வழியாக 11 கிலோமீட்டர். விருப்பாச்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு. முடிக்கொத்து நோய் வந்து இந்த மலைகளின் வாழையைச் சூறையாடிய பிறகு மிஞ்சிய தோட்டங்கள் இவை. குருத்து இலைகள் குறுகி, நிமிர்ந்து, கொத்தாக நெருங்கி நிற்கும் கன்றைப் பார்த்தால் அது அந்த நோய். மாவுப்பூச்சி இல்லை, அசுவினிதான் பரப்புகிறது. இந்த நாளில்தான் சேவை சொதப்புகிறது. முடிவில் ஏற்றிக்கொள்ள வேண்டிய வேன் இன்னொரு குழுவுக்கும் ஓடுவதால் ஒன்றரை மணி நேரம் சாலையோரத்தில் காத்திருக்க வைத்தார்கள். மஞ்சு ஏறி, வேர்வை காய்ந்து குளிர்கிற நேரம் அது. பையில் உலர்ந்த சட்டையும் ஒரு கம்பளித் தொப்பியும் கட்டாயம் வையுங்கள். காலை கிளம்பியதிலிருந்து ஐந்து மணி நேரம் வழியில் கழிப்பறை கிடையாது. பெண்கள் இருக்கும் குழுவில் இதை முன்கூட்டிச் சொல்லாதது பெரிய குறை. ஒரு தோட்ட வீட்டில் பேசி ஏற்பாடு செய்வது முடியாத காரியம் இல்லை.

ஐந்தாம் நாள் பேத்துப்பாறைக் கல்திட்டைகளும் செண்பகனூர் அருங்காட்சியகமும். பேத்துப்பாறை, அஞ்சுவீடு பக்கம் யானை வரும். வனத்துறை எச்சரித்தால் நடையை அப்படியே ரத்து செய்கிறார்கள், சரியான முடிவு. காட்டுமாடு நின்றால் பாதையை அதற்கு விட்டுவிட்டுக் காத்திருங்கள், கல்லெடுக்காதீர்கள், செல்ஃபிக்கு நெருங்காதீர்கள். தனித்து நிற்கும் கிழட்டுக் காளை கூட்டத்தைவிட ஆபத்து. இங்கே உள்ள திட்டைகள் தாண்டிக்குடியில் பார்த்ததைவிட நன்றாக நிற்கின்றன. சாலையோரம் என்பதால் குப்பையும் கிறுக்கலும் அதிகம். செண்பகனூரில் 1895-இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியின் ஏசு சபைப் பாதிரியார்கள்தான் இந்தத் திட்டைகளை முதலில் ஒழுங்காக அளந்து வரைந்தவர்கள். அவர்களில் ஆங்கிளேடும் நியூட்டனும் எழுதிய ஆய்வை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. அதன் வரைபடங்களை இரண்டாம் நாள் இரவே காட்டியிருந்தால் பார்வை வேறு மாதிரி இருந்திருக்கும். அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் கிளம்புமுன் பயணக்காரர்களிடம் உறுதி செய்யச் சொல்லுங்கள். கொடைக்கானலுக்குள் போகும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். வேனுக்கு அவர்கள் எடுத்துவிடுகிறார்கள். சொந்தக் காரில் பின்தொடர்கிறவர்கள் தாங்களே எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவராதீர்கள். இரண்டு லிட்டர் கொள்ளும் ஸ்டீல் பாட்டில் போதும்.

ஆறாம் நாள் பெருமாள்மலையில் பிரிந்து பழனி மலைச்சாலையில் இறங்குகிறது வேன். கொடைக்கானல்-பழனி 64 கிலோமீட்டர். இறங்க இறங்கச் சூடு ஏறும். மலையில் கட்டிய தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துவிடுகிறது. புளியோதரை கேட்டு வாங்குங்கள்.

பொருந்தல், பழனியிலிருந்து தென்மேற்கே 12 கிலோமீட்டர், மலை அடிவாரத்தில் பொருந்தலாற்றங்கரை. 2009, 2010-இல் கா.ராஜன் குழு இங்கே தோண்டியது. ஒரு கல்லறைக்குள் நான்கு கால் வைத்த ஜாடியில் சுமார் 2 கிலோ நெல் இருந்தது. பானை தாங்கும் வளையத்தில் "வய்ர" என்று தமிழ் பிராமி எழுத்து. அந்த நெல்லைக் கரிமக் காலக் கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 490 என்று வந்தது. தமிழ் பிராமியின் வயது பற்றிய விவாதம் அதன் பிறகு சூடு பிடித்தது. வாழ்விடப் பகுதியில் ஆயிரக்கணக்கில் கண்ணாடி மணிகள். மேலே தாண்டிக்குடியில் வெளியிலிருந்து வந்த மணி. கீழே மணி வேலை நடந்த ஊர். இரண்டுக்கும் நடுவே மூன்றாம் நாள் நடந்த மிளகுத் தோட்டம். ஏழு நாளில் இந்த ஓர் இடத்தில்தான் எல்லாம் ஒன்றாகச் சேர்கிறது.

ஆனால் இங்கே கண்ணுக்கு ஒன்றும் இல்லை. வயல், தென்னை, மேடு, அவ்வளவுதான். இதை நன்றாக நடத்த வேண்டுமென்றால் படம், வரைபடம், ஒரு நல்ல பேச்சாளர் வேண்டும். இவர்கள் லேமினேட் செய்த ஒரே ஒரு படத்தைக் கைமாற்றிக் கொடுத்தார்கள், பதினான்கு பேருக்கு. அதுவும் நடுமதியம் 12 மணிக்கு, நிழலில்லாத வரப்பில். மலைக் குளிருக்குப் பழகிய உடம்பு ஒரே காலையில் இந்த வெயிலில் இறங்கினால் தலை சுற்றும். உப்புச் சர்க்கரைக் கரைசல் ஒரு பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாளை மாற்றியமைப்பது எளிது: ஐந்தாம் நாள் மாலையே பழனிக்கு இறங்கி இரவு தங்கி, மறுநாள் காலை 6.30-க்குப் பொருந்தலில் நிற்கலாம். அப்போது மலை முழுக்கத் தெளிவாகத் தெரியும், எங்கிருந்து வந்தோம் என்பதும் தெரியும்.

ஏழாம் நாள் ஐவர்மலை. சங்க இலக்கியம் சொல்லும் அயிரை மலை. பாறைச் சரிவின் அடியில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கியிருக்கும். வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இங்கே உண்டு. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870 என்று காலத்தையே சொல்லி எழுதியது. பாண்டியர் காலக் கணக்குக்கு ஓர் ஆணி அடித்த கல்வெட்டு. பார்சுவநாதர் உருவத்தைப் புதுப்பித்து 505 காணம் (பழைய பொன் அளவு) பொன் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. ஊரில் பாண்டவர் ஐவர் தங்கிய மலை என்பார்கள். மேலே பாண்டவர் வீடு, கீழே ஐவர் மலை. வழியின் இரு முனையிலும் மக்கள் ஒரே கதையைத்தான் கல்லுக்குச் சூட்டியிருக்கிறார்கள். மேலே ஏறும் பாதை நல்ல நிலையில் இருக்கிறது. மதிய வெயிலில் பாறை கொதிக்கும், வெறுங்காலோடு ஏற நினைப்பவர்கள் 8 மணிக்குள் இறங்கிவிட வேண்டும். குரங்குக்குப் பை திறந்து காட்டாதீர்கள்.

கடைசியில் கலையம்புத்தூர். காசு கிடைத்த ஊரில் பார்க்கக் காசு இல்லை. ரோமானியக் காசு பார்க்க எழும்பூர் அருங்காட்சியகம்தான் போக வேண்டும். தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசு பலவற்றில் அரசனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருக்கும். சிலவற்றில் ஓட்டை போட்டோ வளையம் வைத்தோ கழுத்தில் அணிந்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பாட்டியின் காசுமாலையைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாகத் தெரியாது. இதன் தெளிவான படங்களையாவது பயணக்காரர்கள் ஊர் மந்தையில் நிறுத்திக் காட்ட வேண்டும். இப்போது ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தி, "இங்கதாங்க கெடச்சது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

தங்குமிடம் பற்றிக் கொஞ்சம். தாண்டிக்குடியில் நான்கு இரவும் ஒரே தோட்ட வீடு. அறை சுத்தம், கம்பளி இரண்டு தருகிறார்கள். மழை நாளில் அது நமுத்துப் போயிருக்கும், சொந்தமாக ஒரு பருத்திப் போர்வை உள்ளே வைத்துக்கொள்ள உதவும். வெந்நீர் காலை 6 முதல் 7 வரை மட்டும். சாப்பாடு நன்றாகவே இருக்கிறது. அவரைக்காய்க் குழம்பு, சௌசௌ கூட்டு, மலைப்பூண்டு ரசம், காலையில் மலைவாழை. ஜிபிஎஸ் வரைபடத்தை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், பாறைத் தளங்களில் சிக்னல் வரும், பள்ளத்தில் வராது. கையில் ரொக்கம் வைத்திருங்கள்.

காப்புக்காட்டுக்குள் நுழையும் பாதை எதுவும் இந்தத் திட்டத்தில் இல்லை. தோட்டப் பாதை, ஊர்ப் பாதை, தார்ச்சாலை மட்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீக்குப் பிறகு இதில் யாரும் சமரசம் செய்யக் கூடாது. யாராவது "காட்டுக்குள்ள குறுக்கால போயிரலாம்" என்றால் வனத்துறை அனுமதிச் சீட்டைக் கேளுங்கள், இல்லையென்றால் மறுத்துவிடுங்கள்.

எப்போது போகலாம்? ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள். வடகிழக்குப் பருவமழை முடிந்து பாசி காய்ந்திருக்கும், மிளகுப் பறிப்பு நடக்கும், அட்டை குறைவு. அக்டோபர், நவம்பரில் மலைச்சாலையில் மண் சரிந்து வழி அடைபடும் ஆபத்து உண்டு, அப்போது முன்பணம் கட்டாதீர்கள். தைப்பூச வாரத்தைத் தவிர்க்க வேண்டும். பழனியில் அறை கிடைக்காது, பாதயாத்திரைக் கூட்டத்தில் ஆறாம் நாள் வேன் நகராது. முன்பதிவு செய்யும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்: குழுவில் எத்தனை பேர், நான்காம் நாள் வேன் நமக்கு மட்டுமா. எட்டுப் பேருக்கு மேல் என்றால் வேறு தேதி கேளுங்கள். கல்திட்டை மேடையில் பதினான்கு பேர் நிற்க இடமில்லை, நின்றால் மேடைதான் கரையும்.